நாலாவது சீர்

புன்னைத்துறையில் வாரத்துக்கு ஒரு நாள்தான் குழாயில் தண்ணீர் வரும், அந்த ஒரு நாளும் எந்த நாள் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது, தெரியாததால் ஊரிலுள்ள பெண்கள் எல்லா நாளும் ஒரு காதைக் குழாய்ப் பக்கம் வைத்துக்கொண்டே சமைத்தார்கள், துணி துவைத்தார்கள், சண்டை போட்டார்கள், தூங்கினார்கள். முன்னால் கடல், பக்கவாட்டில் கழிமுகம், பின்னால் உப்பளம், எங்கே திரும்பினாலும் தண்ணீர், குடிக்க ஒரு வாய் கிடையாது. இப்படி இருக்கையில் ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடத்து மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், சவேரியார் தெருக் குழாயில் முதலில் காற்று வந்தது, பிறகு துரு வந்தது, பிறகு தண்ணீர் வந்தது, தண்ணீரோடு ஒரு பெண்குரலில் பாட்டும் வந்தது.

யாரும் அலறவில்லை. வரிசையில் முதலில் நின்றவள் குடத்தை நகர்த்தாமல் குனிந்து கேட்டாள். அடுத்து நின்றவள், "என்னட்டி, வருதா, நின்னுட்டா?" என்றாள்.

"வருது. பாட்டும் சேந்து வருது."

"நாசமாப் போச்சு. பாட்டு வருதுன்னு தண்ணியக் கொறச்சிராம இருந்தாச் சரி" என்றாள் மூன்றாவதாக நின்றவள்.

தண்ணீர் குறையவில்லை, கூடவும் இல்லை. வழக்கம்போல வந்தது, வழக்கம்போல நின்றது. நின்றபோது பாட்டும் நின்றது. தெற்குத் தெருக் குழாயிலும் அதே குரல், கோயில் முற்றத்துக் குழாயிலும் அதே குரல், ஐஸ் கம்பெனிக்குப் போகிற குழாயிலும் அதே குரல். ஒரே நேரத்தில் ஒரே அடியைத்தான் எல்லாக் குழாயும் பாடின என்பதைப் பிள்ளைகள் தெருத்தெருவாக ஓடிச் சரிபார்த்து வந்து சொன்னார்கள். குரல் தண்ணீருக்குள் முங்கிக்கொண்டு பேசுகிற குரலாக இருந்தது. எழுத்துகளின் ஓரங்களெல்லாம் சோப்புக்கட்டிபோலக் கரைந்திருந்தன. ஆனாலும் அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் அதே பாட்டே வந்ததால், ஊர் கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கேட்டுத் தெளிந்து மனப்பாடம் செய்துவிட்டது.

ஆத்துமேல போற மேகம் அடிவயித்தில் ஈரம்
காத்துமேல போற சேதி காதுக்கெட்டாத் தூரம்
கோழி கூவும் முன்னெழுந்து கொடமெடுத்துப் போனேன்
நோயில் வாடும் பூவைப்போல நூலாய் மெலிஞ்சு போனேன்
ஆளிருக்கா ஆளிருக்கா அந்தப் பக்கம்

இந்த ஐந்தாவது அடியைக் குரல் திரும்பப் பாடத் தொடங்கும்போது தண்ணீர் நின்றுவிடும். அதற்குப் பிறகு என்ன என்று யாருக்கும் தெரியாது.

மார்கழி பிறப்பதற்குள் ஊர் அந்தப் பாட்டை வைத்துக் குடித்தனம் நடத்தப் பழகிவிட்டது. குழாயடியில் சண்டை போடுகிறவர்கள் பாட்டு முடிகிறவரை பொறுத்திருந்து பிறகு போட்டார்கள். தண்ணீர்க்குடம் தொட்டறியாத ஆண்கள் குடத்தோடு வந்து நின்று, முறை தெரியாமல் வரிசையைக் குழப்பி, பெண்களிடம் திட்டு வாங்கினார்கள். செல்போனில் பதிவு செய்தவர்களுக்குத் தண்ணீர்ச் சத்தம் மட்டுமே பதிவானது. அந்தத் தண்ணீரில் உலை வைத்தால் சோறு குழைகிறது என்று சிலர் சொன்னார்கள், இல்லை, அது ரேஷன் அரிசியின் குணம் என்று வேறு சிலர் சொன்னார்கள். பங்குச்சாமியார் பூசை முடிந்ததும் அறிக்கை வாசிக்கும்போது, தண்ணீர் வரும் நேரத்தில் கோயில் முற்றத்தில் வாகனங்களைக் கிளப்ப வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார், அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை, அவரிடம் கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

எப்படிப் பாடுகிறது என்று ஊர் கேட்கவில்லை. யார் பாடுகிறார்கள் என்றுதான் கேட்டது. கடற்கரை ஊர் என்றால் திரும்பி வராதவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள், ஆகவே ஆளாளுக்கு ஒரு குரல் கேட்டது. படகு மேஸ்திரி ஒருவருக்குச் செத்துப்போன மனைவி, உப்பளத்துக்காரி ஒருத்திக்குக் கூடப்பிறந்தவள், கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளைக்கு யாரென்று வெளியே சொல்ல முடியாத ஒரு பெண். இந்த வழக்கெல்லாம் ஒருநாள் காலையில் முடிவுக்கு வந்தது. வரிசையில் நின்ற சலேத்தம்மாள், "கொடமெடுத்துப் போனேன்" என்ற இடத்தில் கையிலிருந்த குடத்தை நழுவவிட்டு, அது உருண்டு சாக்கடையில் விழ, அப்படியே நின்றாள். பார்த்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு, ஊரில் வெகுகாலமாக யாரும் உச்சரிக்காத ஒரு பெயரை யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

"ஜெனோவா."

சலேத்தம்மாள் நெத்திலி காயவைத்துச் சந்தையில் விற்கிறவள், புருசனில்லாதவள். ஜெனோவா அவளுடைய ஒரே மகள். நர்ஸ் வேலைக்கு இன்டர்வியூ என்று சொல்லி, மஞ்சள் சுடிதாரில், காலை பஸ்ஸில் நாகர்கோவிலுக்குப் போனவள் போனவள்தான். போலீசில் எழுதிக் கொடுத்தார்கள், மாதாவுக்கு நேர்ந்தார்கள், பேருந்து நிலையங்களில் படம் ஒட்டினார்கள். ஒரு மழையில் படங்கள் கரைந்ததும், எவனோடோ போய்விட்டாள் என்று ஊர் தனக்குத்தானே ஒரு முடிவு சொல்லிக்கொண்டது. அன்றிலிருந்து சலேத்தம்மாள் முன்னால் அந்தப் பெயரை எடுப்பது அவளை அவமானப்படுத்துவது ஆயிற்று. ஊர் நல்ல எண்ணத்தோடுதான் அவமானப்படுத்தாமல் இருந்தது. தன் பெண்ணுக்கு ஜெனோவா என்று பெயர் வைக்க இருந்த ஒருத்திகூட ஜெனிபர் என்று மாற்றிக்கொண்டாள்.

இப்போது அந்த அடைப்பு உடைந்தது. பெண்கள் சலேத்தம்மாள் வீட்டுக்குச் சாயங்காலங்களில் வந்து உட்கார்ந்தார்கள். "ஜெனோவா சின்னதுல என்ன பாட்டுக்கா படிப்பா?" என்று கேட்டார்கள். "அவளுக்கு அந்த மஞ்சச் சுடிதார் என்னமா இருந்துச்சு!" என்றார்கள். அவளோடு படித்தவர்கள், தங்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, அவள் பரீட்சையில் எட்டிப் பார்த்து எழுதிய கதைகளைச் சொன்னார்கள். வரிசையில் சலேத்தம்மாளை முன்னால் விட்டார்கள். சலேத்தம்மாள் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. குழாயின் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தண்ணீர் நிற்கிறவரை கேட்டுவிட்டுப் போவாள்.

ஊராட்சித் தலைவர் பர்னபாஸ் தமிழ் டீச்சரைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்கு வந்தது தை மாதத்தில்.

டீச்சர் பெயர் செண்பகவடிவு, ஊருக்கு வடிவு டீச்சர். மாற்றலாகி இந்த ஊருக்கு வந்தபோது ஜெனோவா காணாமல் போய் வருசங்கள் ஆகியிருந்தன, அவளை டீச்சர் பார்த்ததில்லை. தைராய்டு மாத்திரை, முழங்கால் வலி, தனிக்குடித்தனம், ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம். எதுகை என்றால் இரண்டாவது எழுத்து ஒன்றி வருவது, மோனை என்றால் முதலெழுத்து ஒன்றி வருவது, எழுத்து சேர்ந்து அசை, அசை சேர்ந்து சீர், சீர் சேர்ந்து அடி என்று வாழ்நாள் பூராவும் கரும்பலகையில் எழுதி எழுதி அழித்தவர். பிள்ளைகள் அதை மதிப்பெண்ணுக்காக விழுங்கி, பரீட்சைத் தாளில் கக்கிவிட்டுப் போனார்கள். எந்தப் பிள்ளையும் இது எதற்கு என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்ல டீச்சரிடமும் பதில் இல்லாமல் போய் நாளாகியிருந்தது. குழாயில் பாட்டு வந்த முதல் வாரத்தில் ஊரே பேசிக்கொண்டபோதுகூட, டீச்சர் தன் இரண்டு குடத்தை நிரப்பிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, விடைத்தாள் திருத்தத்தான் உட்கார்ந்தார்.

"புது லைன் வருது டீச்சர்" என்றார் பர்னபாஸ். "கடத்தண்ணிய நல்ல தண்ணியாக்கி ஒருநாள் விட்டு ஒருநாள் குடுக்காவளாம். பழைய பைப்ப மூடிரணும்னு இன்ஜினீயர் சொல்லுதாரு. மூடுனா பாட்டு போயிரும்."

"போகட்டுமே. தண்ணி வருமில்ல?"

"அதத்தான் நானும் நெனச்சேன். ஆனா நம்ம பிள்ளை ஜெனோவான்னு ஊரு சொல்லுது. பெத்தவ வயித்தெரிச்சலக் கொட்டிக்கிட்டு நாம தண்ணி குடிக்க முடியுமா? அதனால ஊர்க்கூட்டத்துல முடிவாயிருக்கு. நம்ம பிள்ளை குரல்னா பழைய லைன் அப்படியே இருக்கட்டும், புதுசு வேண்டாம். வேற எவளோன்னா மூடிரலாம். நீங்கதான் தமிழ் படிச்சவிய. பாட்டப் பிரிச்சுப் பாத்து யாருதுன்னு சொல்லிருங்க."

"பாட்டப் பிரிச்சா சீர்தான் தெரியும், தலைவரே. ஆள் தெரியாது."

"தெரிஞ்சத வச்சுச் சொல்லுங்க. சாமியாரக் கேட்டா ஜெபம் பண்ணுங்கன்னு சொல்லுதாரு."

மறுத்துப் பேச டீச்சருக்குத் தெம்பில்லை. அப்படித்தான் அவர் அந்த வேலையில் மாட்டினார். அடுத்த தண்ணீர் நாளில் பிளாஸ்டிக் முக்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு சவேரியார் தெருக் குழாயடிக்குப் போய், கால்களை நீட்டி உட்கார்ந்து, விரலால் குடத்தில் தட்டிக்கொண்டே கேட்டார். பிறகு வந்த வாரங்களிலும் அப்படியே கேட்டார். கேட்கக் கேட்க அவருக்கு ஓர் எரிச்சல் உண்டானது, நெடுநாளைக்குப் பிறகு வந்த எரிச்சல் என்பதால் அது கிட்டத்தட்ட சந்தோசம்போல இருந்தது.

எரிச்சலுக்குக் காரணம் மூன்றாவது அடியும் நாலாவது அடியும். முதல் இரண்டு அடியில் "ஆத்து", "காத்து" என்று எதுகை கச்சிதமாக விழுகிறது, "ஈரம்", "தூரம்" என்று கடைசியும் ஒத்துப்போகிறது. ஒவ்வொரு அடிக்குள்ளும் மோனை பிசகவில்லை, "ஆத்து" என்றால் "அடிவயித்தில்", "கோழி" என்றால் "கொடம்". மூன்று நான்கில் "போனேன்", "போனேன்" என்று ஒரே சொல் இரண்டு தடவை வருகிறது, ஆனால் முதல் போனேன் நடந்து போனது, இரண்டாவது போனேன் உருக்குலைந்து போனது. இவ்வளவு தெரிந்த ஒருத்தி "கோழி"க்கு எதுகையாக "நோயில்" என்று எப்படி வைப்பாள்? புன்னைத்துறையில் கோழியைக் கோளி என்பார்கள். கோளிக்கு நோயில் சேராது. கோழிக்கும் சேராது. வாய் தவறிப் பாடியவள் இல்லை, வேண்டுமென்றே கெடுத்துப் பாடியவளும் இல்லை. டீச்சர் வகுப்பில் பாடம் நடத்தும்போது அதையே நினைத்தார், மாத்திரை விழுங்கும்போது நினைத்தார், பதில் மட்டும் வரவில்லை.

பதில் ஒரு மத்தியானம் பேருந்து நிறுத்தத்து ஓட்டலில் வந்தது. மீன் ஏற்ற வந்த லாரி டிரைவர் ஒருவர், வடக்கே வேலூர்ப் பக்கத்துக்காரர், கை கழுவிக்கொண்டே உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார். "ஏம்பா, மீனே தின்னு தின்னு நாக்கு செத்துப் பூட்ச்சி. கோயி வறுவல் இருக்குதா?"

பரிமாறுகிறவனுக்குப் புரியவில்லை. "கோயிலு வறுவலா?"

"கோயிப்பா, கோயி! கொக்கரக்கோன்னு கூவுமே!"

ஓட்டல் முழுக்கச் சிரித்தது. பார்சல் வாங்க நின்றிருந்த வடிவு டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை, சுவரில் விரலால் தட்டிப் பார்த்தார். கோயி, நோயில். எதுகை ஆணி அடித்ததுபோல உட்கார்ந்தது. ழகரத்தை யகரமாகச் சொல்லும் ஊரில் பிறந்து, அந்த நாக்கோடு வளர்ந்து, அந்தக் காதோடு பாட்டுக் கட்டியவள். தண்ணீர் எழுத்தைக் கரைத்துவிட்டதால் இந்த ஊர் அதைத் தன் நாக்கால் திருப்பிக் கேட்டிருக்கிறது. பாடுகிறவள் வெகு தூரத்து வடக்கத்திப் பெண். ஜெனோவா இல்லை.

டீச்சர் பார்சலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். சரியான விடையைக் கண்டுபிடித்து யாருக்கும் நல்லது நடந்ததாக அவருக்கு நினைவில்லை. அந்த விடையை வைத்துக்கொண்டு ஊர்க்கூட்டம் குழாயை மூடும், சலேத்தம்மாளிடம் மகளை இன்னொரு தடவை பிடுங்கும்.

ஆனாலும் பாதியில் விட மனமில்லை. முடிவைக் கேட்டுவிடலாமே என்று பம்ப் ஆபரேட்டர் இசக்கிமுத்துவிடம் போனார். "ஒரே ஒரு தடவ கொஞ்ச நேரம் கூடத் தண்ணி விடுங்க தம்பி. பாட்டு முடிவு கேக்கணும்."

"டேங்க்ல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதாக்கும்" என்று முனகினாலும், இசக்கிமுத்துவுக்கும் முடிவு கேட்கும் ஆசை இருந்தது. அந்த வாரம் தொட்டி அடிமண் தெரிகிறவரை விட்டார். ஊரே குழாயடியில் கூடியது. ஐந்தாவது அடி வந்தது, திரும்ப வந்தது, அதையே மறுபடி பாடியது, மறுபடியும் அதையே. "ஆளிருக்கா ஆளிருக்கா அந்தப் பக்கம்." "ஆளிருக்கா ஆளிருக்கா அந்தப் பக்கம்." குடங்கள் நிறைந்தன, அண்டாக்கள் நிறைந்தன, தண்ணீர் கலங்கலாகி நூலாகிச் சொட்டாகி நின்றது, அதுவரை அந்த ஒரே அடிதான். முடிவே இல்லையே என்று ஜனங்கள் அலுத்துக்கொண்டு குடங்களைத் தூக்கினார்கள்.

குடத்தில் தட்டிக்கொண்டிருந்த டீச்சரின் விரல் மட்டும் ஓரிடத்தில் தடுக்கிக்கொண்டே இருந்தது. மற்ற அடிகளுக்கெல்லாம் நாலு சீர். "ஆத்துமேல" ஒன்று, "போறமேகம்" இரண்டு, "அடிவயித்தில்" மூன்று, "ஈரம்" நாலு. இந்த அடிக்கு மூன்றே சீர். "ஆளிருக்கா", "ஆளிருக்கா", "அந்தப்பக்கம்". அதன்பின் நாலாவது சீர் விழவேண்டிய இடத்தில் குரல் நிற்கிறது. மூச்சு வாங்குவதற்கான நேரம் இல்லை அது, சரியாக ஒரு சீரின் அளவு. அதன்பிறகுதான் மறுபடி தொடங்குகிறது. விட்டுப்போன இடமென்று இத்தனை வாரமும் அதைப் பிழைக்கணக்கில் போட்டிருந்தார் டீச்சர். விட்டுப்போனதில்லை, விட்டுக் கொடுத்தது. அந்தச் சீரைப் பாட வேண்டியவள் பாடுகிறவள் இல்லை.

டீச்சர் மறுநாள் சாயங்காலம் சலேத்தம்மாளைப் பார்க்கப் போனார். கடற்கரையில் வலையை விரித்து நெத்திலி காயவைத்திருந்தாள். பக்கத்தில் உட்காரச் சொல்லி, ஒரு சாக்கைத் தட்டிப் போட்டாள். டீச்சர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எப்படித் தொடங்குவதென்று தெரியாமல், வகுப்பில் தொடங்குவதுபோலவே தொடங்கினார். எதுகை என்றால் என்ன, அது நாக்கை எப்படிக் காட்டிக்கொடுக்கும், கோழிக்கும் நோயிலுக்கும் எங்கே உறவு. சலேத்தம்மாள் காக்கையை விரட்டிக்கொண்டே கேட்டாள்.

"அப்பம் எம் மவ இல்லன்னு சொல்லுதிய."

"ஆமாக்கா."

"தெரியும் டீச்சர்."

டீச்சர் திரும்பிப் பார்த்தார்.

"மொத நாளே தெரியும். அவளுக்குப் பாட்டே வராது. கோயில்ல எல்லாரும் ஒரு பக்கம் போனா இவ ஒரு பக்கம் போவா. பாட்டு சிஸ்டர், நீ வாய மட்டும் அசைச்சாப் போதும்னு சொல்லி நிப்பாட்டி வச்சிருந்தாவ. இது எம்புட்டு அழகாப் படிக்கி!"

"பின்ன ஏன் குடத்தப் போட்டிய?"

"அதுக்கு மொதநாள் எனக்குக் காச்சல். கை வெலவெலன்னு இருந்துச்சு, நழுவிட்டு. குனிஞ்சு எடுக்கதுக்குள்ள பின்னால ஒருத்தி ஜெனோவான்னு சொல்லிட்டா." சலேத்தம்மாள் ஒரு நெத்திலியைப் புரட்டிப் போட்டாள். "எத்தன வருசம் டீச்சர்! அந்தப் பேர நான் மட்டும்தான் சொல்லிட்டிருந்தேன், அதுவும் தலவாணிக்குள்ள. இந்த ஊரு எம் மேல இரக்கப்பட்டு எம் மவளப் பொறக்கவே இல்லன்னு ஆக்கிட்டு. இப்பம் பாருங்க, ஒருத்தி வந்து அவ பல்லு வரிசையப் பத்திப் பேசுதா, ஒருத்தி அவ கூடச் சண்டை போட்டதச் சொல்லி அழுதா. நான் மறந்துபோனதெல்லாம் அவளுவ வச்சிருக்காளுவ. இல்லன்னு நான் ஏன் சொல்லணும்?"

டீச்சர் வலையோரம் வந்த காக்கையை விரட்டினார். "கூட்டத்துல கேப்பாங்க. நான் என்ன சொல்ல?" என்றார்.

"நீங்க படிச்சதச் சொல்லுங்க. உங்க வாயால பொய் வேண்டாம்."

"சொன்னா மூடிருவாங்க அக்கா."

டீச்சர் நாலாவது சீரைப் பற்றி அப்போதுதான் சொன்னார், சாக்கின் ஓரத்தில் விரலால் தட்டிக் காட்டி, மூன்று தட்டி நாலாவதில் விரலைத் தூக்கி நிறுத்திக் காட்டி. சலேத்தம்மாள் அந்தத் தூக்கிய விரலையே பார்த்தாள். பிறகு எழுந்து, ஈரக்காற்று வருகிறது என்று நெத்திலியை அள்ளத் தொடங்கினாள், டீச்சரும் கூட அள்ளினார்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு சமூகக்கூடத்தில் நடந்தது. இன்ஜினீயர் ஒருவர் வந்திருந்தார், வியர்த்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. வடிவு டீச்சர் எழுந்து, குரலை உயர்த்தாமல், தான் கண்டதைச் சொன்னார். கோயி, நோயில் என்று அவர் சொல்லிக் காட்டியபோது யாரும் சிரிக்கவில்லை. கூடம் முழுக்க ஏதோ வீட்டில் சாவு விழுந்ததுபோல ஆயிற்று, சிலருக்கு டீச்சர்மீது கோபம்கூட வந்தது, ஒரு எழுத்தை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டாரே என்று பின்வரிசையில் ஒருத்தி வாய்விட்டே சொன்னாள். பர்னபாஸ் எழுந்தார்.

"சரி. நம்ம பிள்ளை இல்லன்னு ஆயிட்டு. பேசுனபடி பழைய லைன மூடிருவோம். யாருக்கும் மறுப்பு இருக்கா?"

"இருக்கு" என்றாள் சலேத்தம்மாள்.

அவள் கூட்டத்தில் பேசிப் பழகியவள் இல்லை. எழுந்து நின்று, முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"எம் மவ இல்ல. எனக்குத் தெரியும். நீங்க அவளப் பத்திப் பேசணும்னு நான் பேசாம இருந்தேன், தப்புன்னா தப்புதான். ஆனா ஒண்ணு கேக்கேன். அந்தப் பக்கம் ஆளிருக்கான்னு ஒருத்தி கேட்டுக்கிட்டே இருக்கா. நம்ம ஊருக்காரின்னா பதில் சொல்லுவோம், அசலூருக்காரின்னா அடச்சிருவோமா? எம் பிள்ளை எந்த ஊரு குழாயில நின்னு கேக்காளோ. அந்த ஊர்லயும் இப்படித்தான் கூட்டம் போட்டு, இவ நம்ம பிள்ளை இல்லன்னு…" அவள் நாற்காலியின் முதுகை விட்டாள். "எனக்குக் களைப்பா இருக்கு. நான் உக்காருதேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

யாரும் கை தட்டவில்லை, யாரும் அழவும் இல்லை. பர்னபாஸ் இன்ஜினீயரைப் பார்த்தார். இன்ஜினீயர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பழைய லைனில் ஏதாவது ஒரு தெருக்குழாயை மட்டும் விட்டுவைக்கலாம், அதற்கு ஒரு வால்வு போட்டால் போதும், இதற்கா இவ்வளவு நேரம் என்றார். அப்படியே முடிவாயிற்று. சவேரியார் தெருக் குழாய் பழைய லைனில் இருந்தது, மற்ற எல்லாக் குழாய்களிலும் புதுத் தண்ணீர் வந்தது.

புதுத் தண்ணீர் தெளிவாக இருந்தது, ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது, ஒரு சத்தமும் போடவில்லை. பெண்களின் காதுகள் மெல்ல மெல்லக் குழாயை மறந்தன, மதியத்தில் நன்றாகத் தூங்கினார்கள். தண்ணீர் கிடைத்துவிட்ட ஊர் பாட்டுக்காக வெயிலில் நிற்குமா, நிற்கவில்லை. முதல் வாரம் பாதி ஊர் வந்தது, அடுத்த வாரம் ஒரு தெரு வந்தது, பங்குனி வெயில் ஏறியபோது சலேத்தம்மாளும் வடிவு டீச்சரும், வேறு வேலையில்லாத படகு மேஸ்திரியும், பழக்கதோசத்தில் குடத்தோடு வந்த இரண்டொரு பெண்களும் மட்டுமே நின்றார்கள்.

அன்றைக்குக் குழாயில் காற்று வந்தது, துரு வந்தது, தண்ணீர் வந்தது. குரல் முதல் அடியைப் பாடியது, இரண்டாவதைப் பாடியது, கோழி கூவியது, பூ வாடியது. முன்னைவிட அது சோர்ந்திருந்ததாக டீச்சருக்குப் பட்டது, தன் சோர்வுதான் அப்படிக் கேட்கிறதோ என்றும் பட்டது. ஐந்தாவது அடி வந்தது. ஆளிருக்கா, ஆளிருக்கா, அந்தப் பக்கம். டீச்சரின் விரல் நாலாவது தட்டுக்குத் தூக்கியபடி நின்றது.

"இருக்கேன்" என்றாள் சலேத்தம்மாள்.

இத்தனை மாதத்தில் அந்தக் குழாயைப் பார்த்து ஊர் அழுதிருக்கிறது, கும்பிட்டிருக்கிறது, கூடச் சேர்ந்து பாடியிருக்கிறது. பதில் சொன்னதில்லை. சொல் சரியாக அந்த இடத்தில் விழுந்தது, குறையவும் இல்லை, மிஞ்சவும் இல்லை. குரல் நின்றது. அடியைத் திரும்பத் தொடங்கவில்லை. தண்ணீர் மட்டும் விழுந்தது, எப்போதும் விழும் தண்ணீர், ஆனால் குடத்தில் விழுகிற சத்தம்கூட இல்லாமல்.

"இருக்கேன் தாயி" என்றாள் சலேத்தம்மாள் மறுபடியும், குழாய்க்குப் பக்கத்தில் குனிந்து. "நான் சலேத்தம்மா. புன்னைத்துறைன்னு ஒரு ஊரு, உனக்குத் தெரியாது, ரொம்பத் தெக்க கெடக்கு. இங்க நெத்திலி நல்லாக் கெடைக்கும். எனக்கும் ஒரு மவ உண்டு. ஜெனோவான்னு பேரு. உன்னை மாதிரி படிக்க வராது அவளுக்கு. மஞ்சச் சுடிதாரு போட்டிருப்பா, இடது புருவத்துல ஒரு வெட்டு இருக்கும், சின்னதுல கட்டில்ல இருந்து விழுந்துட்டா, நான்தான் பாக்காம விட்டுட்டேன். கோவம் வந்தா சோறு திங்க மாட்டா. நீ பாத்தா சொல்லு. பாக்கலன்னாலும் சரிதான், அதுக்காகச் சொல்லல. நீ சாப்பிட்டியா?"

பேசிக்கொண்டே போனாள். குடம் நிறைந்து விளிம்பில் வழிந்தது, வழிந்து அவள் காலை நனைத்துத் தெருவில் ஓடியது. குடம் வைத்திருந்தவளோ மேஸ்திரியோ டீச்சரோ குழாயை அடைக்கக் கை நீட்டவில்லை. சொட்டுத் தண்ணீர் சிந்தினால் சண்டைக்கு வருகிற ஊர் அது. நல்ல தண்ணீர் தன் பாட்டுக்கு மணலில் ஓடி மறைந்துகொண்டிருந்தது. நிற்கவேண்டிய நேரம் தாண்டியும் தண்ணீர் நிற்கவில்லை.

சொல்வதற்கு இருந்ததெல்லாம் தீர்ந்ததும் சலேத்தம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கல்லில் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"சரி, நானே பேசிட்டிருக்கேன். நீ சொல்லு தாயி" என்றாள்.

குழாய் ஒருமுறை காற்றை உள்ளே இழுத்தது, பேசப்போகிறவர்கள் மூச்சு இழுப்பதுபோல.